பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

லிங்க்ட்இன்னில் வேலை தேடும் இறுதியாண்டு மாணவர்களுக்கும், பட்டம் வாங்கிவிட்டு முதல் வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான கேள்விகள் குவியும். ரெஸ்யூமேயைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பது பாதி. மீதியில் கணிசமானவை இப்படி இருக்கும்: "அண்ணா, லிங்க்ட்இன் அக்கவுண்ட் ரெஸ்ட்ரிக்ட் ஆயிடுச்சு. நாளைக்கு இன்டர்வியூ லிங்க் அதுலதான் வரணும். என்ன பண்றது?" அடுத்த வரியிலேயே இன்னொரு கேள்வியும் வரும். "ஒரு நாளைக்கு எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பினா மாட்ட மாட்டோம்?"

சென்னையில் ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க அந்தத் தளத்தில்தான் குடியிருக்கிறேன். அதனால் அந்த இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து நடக்கும் ஒவ்வொன்றும் உங்கள் கையால், உங்கள் சொந்தப் பெயரில், உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் பார்த்த தடைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறிய இடத்தில் வந்தவைதான்.

முதலில், தடை என்று நீங்கள் பொதுவாகச் சொல்வதில் பல படிகள் உண்டு. வாராந்தர அழைப்பு வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று ஒரு செய்தி வரும். இது தண்டனை அல்ல. அடுத்த வாரம் வரை புதிதாக யாருக்கும் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் போகாது, அவ்வளவுதான். வாரம் நூறு என்பது வெளியில் புழங்கும் கணக்கு. நிறுவனம் எண்ணைச் சொல்வதில்லை, எல்லோருக்கும் ஒரே எண்ணும் இல்லை. இலவசக் கணக்கில் ஆட்களைத் தேடிக்கொண்டே இருந்தால் தேடல் வரம்பு வந்து நிற்கும். அது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் தானாக நீங்கிவிடும். இவற்றைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பதற வேண்டியவை அடுத்த இரண்டு. உள்ளே நுழையும்போதே கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டிருக்கிறது என்று வந்து, அரசு அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது ஒன்று. நிரந்தரமாக மூடிவிட்டோம் என்று சொல்வது மற்றொன்று. அப்படி மூடப்பட்டால் உங்கள் புரொஃபைல், கனெக்‌ஷன்கள், ரெக்ரூட்டர்களோடு நடந்த உரையாடல்கள் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அந்தத் தளத்துக்கு இன்று உலகம் முழுக்க 100 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியாவில்தான் அதிகம். கூட்டம் இருக்கும் இடத்துக்குத் திருடனும் வருவான். 2019-ன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 2 கோடியே 16 லட்சம் போலிக் கணக்குகள்மீது நடவடிக்கை எடுத்ததாக நிறுவனமே அறிவித்தது. அவற்றில் 1 கோடியே 95 லட்சம், பதிவு செய்யும்போதே தடுக்கப்பட்டவை.

போலி ரெக்ரூட்டர் என்ன செய்வான் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும் ஏஜென்டுகள் வழியாகவும் ஐ.டி. தெரிந்த இளைஞர்களை இழுத்து, எல்லை கடத்தி மியன்மருக்குக் கொண்டுபோய் மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அங்கே மியாவடியில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களை வடிகட்டப் போட்ட வலையில்தான், அவர்களைப் போலவே நடந்துகொள்ளும் நீங்களும் மாட்டுகிறீர்கள். உங்கள் நோக்கம் நல்லது என்பது மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது உங்கள் நடத்தை மட்டுமே.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

அதிகம் பேர் மாட்டுவது கனெக்‌ஷன் ரிக்வெஸ்டில். புரொஃபைலில் கனெக்‌ஷன் எண்ணிக்கை 500-ஐத் தாண்டினால் '500+' என்று மட்டுமே காட்டும். அந்தக் கூட்டல் குறிக்கு என்ன மகிமை வந்ததோ, அதைத் தொட்டால்தான் வேலை கிடைக்கும் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். ஆளைத் தேடும்போது நாங்கள் பார்ப்பது எந்தத் திறமை, எந்த ஊர், எந்த வருடம் முடித்தவர், என்ன புராஜெக்ட் செய்தவர் என்பதை. கனெக்‌ஷன் எண்ணிக்கையை வைத்து நான் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை.

ஆனால் அந்த எண்ணைத் துரத்தி, பேருந்து நிலையத்தில் பிட் நோட்டீஸ் கொடுப்பதுபோல் வருவோர் போவோருக்கெல்லாம் ரிக்வெஸ்ட் தட்டுகிறீர்கள். வாங்குபவர் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? உங்கள் அழைப்பை நான் ஒதுக்கியவுடன், 'இவரை எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு வாய்ப்பு வரும். அதைப் பலர் அழுத்தினால் உங்கள் கணக்கின்மீது சந்தேகம் விழுகிறது. பதில் வராமல் தேங்கிக் கிடக்கும் அழைப்புகளும் நல்ல அறிகுறி அல்ல. மாதக்கணக்கில் கிடப்பவற்றை நீங்களே திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெற்ற ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு வரும் அழைப்புக் குறிப்புகளில் முக்கால்வாசி இந்த ரகம்: 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஃப்ரெஷர், கைண்ட்லி ரெஃபர் மீ ஃபார் எனி ஜாப்.' எனி ஜாப் என்றால் நான் எதற்கு அனுப்புவது? இதையே கொஞ்சம் மாற்றி எழுதிப் பாருங்கள்: 'வணக்கம். உங்கள் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில் ஃப்ரெஷர் எடுப்பதாக நேற்று நீங்கள் போட்ட பதிவைப் பார்த்தேன். செலினியத்தில் ஒரு புராஜெக்ட் முடித்திருக்கிறேன், லிங்க் என் புரொஃபைலில் இருக்கிறது. இப்போதும் எடுக்கிறீர்களா?' இதை எழுதியவரைத் தெரியாது என்று எந்த ரெக்ரூட்டரும் அழுத்த மாட்டார். எழுதியவர் ஒரு மனிதர், ஒரு காரணத்தோடு வந்திருக்கிறார் என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடுகிறது. இலவசக் கணக்கில் இப்படிக் குறிப்போடு அனுப்புவதற்கு மாதத்துக்குச் சில வாய்ப்புகள்தான், அதுவும் 200 எழுத்துக்குள். ஆகவே மேலே உள்ளதைச் சுருக்கி, தேவையானவர்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மற்றவர்களை ஃபாலோ செய்தாலே போதும். அவர்கள் போடுவதெல்லாம் உங்களுக்கு வரும், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தெரிந்தவர்களே இல்லையே என்பீர்கள். உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் அலம்னை என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் சீனியர்கள் எந்தெந்த நிறுவனத்தில், எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் பிரித்துப் பார்க்கலாம். அதே துறையில், அதே ஹெச்.ஓ.டி.யிடம் திட்டு வாங்கிய ஒரு அக்காவோ அண்ணனோ உங்கள் அழைப்பை ஒதுக்குவது அபூர்வம்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள். பிரவுசரில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தானே ரிக்வெஸ்ட் அனுப்பும், தானே மெசேஜ் போடும், தானே ஈஸி அப்ளை பட்டனை நூற்றுக்கணக்கில் அழுத்தும் என்கிறார்கள். தளத்தின் பயனர் ஒப்பந்தம் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது: பாட் வைத்து இயக்கக் கூடாது, தகவல்களை வாரி எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது. இந்த விஷயத்தில் அந்த நிறுவனம் விளையாடுவதில்லை. ஊழியர்களில் யார் வேலையை விடப்போகிறார் என்று கணித்துச் சொல்வதற்காகப் பொதுப் புரொஃபைல்களைத் திரட்டிய ஹைக்யூ லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு 2017-இலிருந்து 2022 வரை வழக்காடியது. நடுவில் சில தீர்ப்புகள் ஹைக்யூவுக்குச் சாதகமாகவே வந்தன. கடைசியில் ஒப்பந்தத்தை மீறியது ஹைக்யூதான் என்று நீதிமன்றம் சொல்ல, 5 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு எழுதி வழக்கு முடிந்தது. ஒரு நிறுவனத்தையே ஐந்து வருடம் விடாமல் துரத்தியவர்கள், உங்கள் லேப்டாப்பில் ஓடும் எக்ஸ்டென்ஷனைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இதே தளம் ஒரு காலத்தில், உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலை எடுத்து, அதிலிருந்தவர்களுக்கு உறுப்பினரின் பெயரிலேயே அழைப்பு அனுப்பியது. பதில் வராவிட்டால் நினைவூட்டல் அஞ்சல்களும் தொடர்ந்தன. என் பெயரில் எனக்குத் தெரியாமல் நீ எப்படித் திரும்பத் திரும்ப அனுப்பலாம் என்று அமெரிக்காவில் பயனர்கள் வழக்குப் போட, 2015-ல் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அன்று பயனர்கள் கோர்ட் வரை போய் எதிர்த்த அதே காரியத்தை இன்று நீங்களே ஒரு எக்ஸ்டென்ஷனை அழைத்துவந்து, என் பெயரில் எதை வேண்டுமானாலும் அனுப்பிக்கொள் என்று ஒப்படைக்கிறீர்கள்.

பெயர் என்றதும் நமக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவம் இருப்பது சகஜம். இதற்கு மேல் சிலர் கடைசிப் பெயர்க் கட்டத்தில் 'ஜாவா டெவலப்பர்' என்றோ 'ஓபன் டு ஒர்க்' என்றோ எழுதுகிறார்கள், நட்சத்திரம், ராக்கெட் எல்லாம் ஒட்டுகிறார்கள். பெயர்க் கட்டத்தில் பதவி, குறியீடு, எண் எதுவும் கூடாது என்பது விதி. அவற்றுக்குக் கீழேயே ஹெட்லைன் என்று தனி இடம் இருக்கிறது.

விஷயம் இதோடு நிற்பதில்லை. கணக்கு முடங்கி அடையாள அட்டை கேட்கும் நாளில், அட்டையில் உள்ள பெயரும் புரொஃபைலில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே இன்றே பெயரை மாற்றிவிடுங்கள். இந்தியாவில் டிஜிலாக்கர் மூலம் ஆதாரைக் கொண்டு பெயரை உறுதிப்படுத்திக்கொள்ளும் வசதி உண்டு. கட்டணம் இல்லை. சந்தேகம் வருவதற்கு முன்பே அதைச் செய்துவைப்பது நல்லது.

மின்னஞ்சலும் இதே கதைதான். இரண்டாம் வருடத்தில் கல்லூரி மெயில் ஐ.டி.யைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குகிறீர்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அதை மூடிவிடும். பிறகு சரிபார்ப்புக் குறியீடு யாரும் திறக்க முடியாத பெட்டிக்குப் போய் விழும். உள்ளே போக முடியவில்லை என்று இன்னொரு கணக்குத் தொடங்குவீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பது விதி; இப்போது உங்கள் பெயரில் இரண்டு. சொந்த மெயிலையும் கைபேசி எண்ணையும் சேர்த்து, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட்டால் இந்தச் சங்கிலி தொடங்கவே தொடங்காது.

பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுப்பது அடுத்த வில்லங்கம். "உங்களுக்குப் பதிலா நாங்களே நூறு கம்பெனிக்கு அப்ளை பண்றோம், லாகின் மட்டும் குடுங்க" என்று சில கன்சல்டன்சிகள் பணம் வாங்குகின்றன. காலையில் மதுரையில் உங்கள் போனிலும், பத்து நிமிடத்தில் வேறு ஊரில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கு திறந்தால் பூட்டு விழத்தான் செய்யும். வி.பி.என். போட்டுக்கொண்டு நாடு நாடாகத் தாவுவதும் அப்படித்தான். செட்டிங்ஸில் உங்கள் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் அறிமுகமில்லாத கருவி ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். "உங்க பழைய லிங்க்ட்இன் அக்கவுண்ட் இருந்தா வாடகைக்குத் தாங்க, மாசம் இவ்வளவு டாலர்" என்று டெலிகிராமிலும் மெசேஜிலும் வலை வீசுகிறார்கள். சும்மா கிடக்கும் கணக்குதானே, செலவுக்கு ஆகட்டும் என்று சிலர் கொடுத்தும் விடுகிறார்கள்.

அவர்களுக்கு உங்கள் கணக்கு எதற்கு? புதிதாகத் தொடங்கிய போலிக் கணக்கைத் தளம் எளிதில் பிடித்துவிடும். நிஜப் படம், நிஜக் கல்லூரி, நிஜ நண்பர்கள், சில வருட வரலாறு உள்ள கணக்கை அவ்வளவு லேசில் சந்தேகிக்காது. அந்த நம்பகத்தன்மைதான் விலைபோகிறது. அதை வைத்து எதையாவது விற்பார்கள் என்பது நல்லவிதமாக நினைத்தால். மோசமாக நினைத்தால், வடகொரிய ஐ.டி. ஊழியர்கள் பிறர் பெயரில் உள்ள கணக்குகளை விலைக்கும் வாடகைக்கும் எடுத்து வெளிநாட்டு நிறுவனங்களில் வேலை பிடிக்கிறார்கள் என்று 2022 மே மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறையும் நிதித் துறையும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. இப்படிப்பட்டவர்களுக்காகத் தன் வீட்டில் லேப்டாப்களை வைத்து இயக்க உதவிய அரிசோனா பெண் ஒருவருக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டு சிறை கிடைத்தது. அந்த மோசடி 300-க்கும் அதிகமான அமெரிக்க நிறுவனங்களைத் தொட்டிருந்தது.

நம் ஊரிலும் கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கணக்கில் இருப்பது உங்கள் முகமும் உங்கள் பெயரும் என்பதால், விசாரணை முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். எத்தனை டாலர் வந்தாலும் அதற்கு ஈடாகாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே பாஸ்வேர்டை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். ஏதாவது மோசடி நடந்திருப்பது தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் நீங்களே முந்திக்கொண்டு புகார் செய்யுங்கள்.

'சிஎஃப்பிஆர்' (கமென்டிங் ஃபார் பெட்டர் ரீச்) என்று எழுதுவோர் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. யாருடைய பதிவு என்று பார்க்காமல் ரீச்சுக்காக வாட்ஸ்அப் குரூப் வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் கமென்ட் போடுவதால் வேலை வந்ததாக நான் அறியேன். ஒரே கமென்ட் நூறு இடத்தில் விழுந்தால் அது ஸ்பாம். வேறு பேரில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தும் கணக்கு முடங்கலாம். நிறுவனத்தின்மீதும் எனக்குக் குறை உண்டு: விதியை மீறினீர்கள் என்று சொல்கிற அறிவிப்பு, எந்தச் செயலால் என்று பல நேரம் சொல்வதில்லை. ஒரு இளைஞனின் முதல் வேலை தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த மௌனம் நியாயமில்லை. ஆனால் கோபத்தில் உடனே இரண்டாவது கணக்கைத் தொடங்காதீர்கள். முதல் கணக்கு திரும்பும் வாய்ப்பையும் அது கெடுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் இருந்தால் நீக்குங்கள். திரையில் காட்டும் வழியிலேயே அடையாள அட்டையைக் கொடுங்கள். மேல்முறையீட்டில் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். நான் இன்னார், இந்தத் தேதியிலிருந்து உள்ளே போக முடியவில்லை, இந்த எக்ஸ்டென்ஷன் இருந்தது நீக்கிவிட்டேன், இனி பயன்படுத்த மாட்டேன் என்று நான்கு வரி போதும்.

அதற்கும் பதில் இல்லையென்றால், இந்தியாவில் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், கெடுவுக்குள் தீர்க்கவும் வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறை மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023 மார்ச்சிலிருந்து இயங்கும் இந்தக் குழுவுக்கு எல்லாமே ஆன்லைன்தான். டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

கணக்கு நன்றாக இருக்கும் இன்றே இன்னொன்றும் செய்யுங்கள். செட்டிங்ஸில் டேட்டா பிரைவசி பகுதியில் உங்கள் தகவல்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கனெக்‌ஷன் பட்டியலும் மெசேஜ்களும் அதில் வரும். ரெக்ரூட்டர் யாராவது நேர்காணல் வரை வந்துவிட்டால், அடுத்த பேச்சை மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்தத் தளமாக இருந்தாலும் அது வாடகை வீடுதான் என்ற நினைப்பு இருந்தால், பூட்டப்பட்டாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்.

கடைசியாக, இந்த மடலைப் படிக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சியாளர்களுக்கும் சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வாரத்துக்குள் '500+' ஆக்கிக்கொண்டு வா என்று பிள்ளைகளுக்கு இலக்கு வைக்காதீர்கள். வேலை அவசரத்தில் அவர்கள் குறுக்குவழியைத்தான் தேடுவார்கள். அந்த வழிதான் அவர்களைத் தடையில் கொண்டுபோய் விடுகிறது. அதற்குப் பதில், உங்கள் கல்லூரியில் படித்த பத்துப் பேரைத் தேடிப் பிடித்து, அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கேட்டு, வந்த பதில்களோடு வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். பத்தில் நான்கு பேர் பதில் எழுதினாலும் லாபம்தான். அந்த நால்வருக்கு இந்தப் பிள்ளையின் பெயர் தெரிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அனுப்பட்டுமா என்று அவர்களே கேட்கும் நாளும் வரும்.

அன்புடன்,
ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன்